ஓடக் கூடாத சேறு

வேலுத்தாயிடம் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "உக்காருற வேலை" என்பாள். ஏதோ ஆபீஸ் உத்தியோகம் போலிருக்கிறது என்று கேட்டவர் ஒரு கணம் மரியாதையாகப் பார்ப்பார். அப்புறம் அவள் கையைப் பார்ப்பார். முழங்கை வரைக்கும் அலுமினியத் தூள் ஏறிய வெள்ளிக் கை. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் மிச்சம் இருக்கும்.

அவள் உட்காருவது எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் மருந்து ரூமில். எங்கள் விஸ்வநத்தத்திலிருந்து காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அங்கே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன ரூம்கள் நிற்கும். ரூமுக்கு நாலு பேர். வெடிக்குழாய்க்குள் மருந்து செலுத்துகிற இந்த நாலு பேரும் ஆளுக்கொரு வாசலைப் பார்த்து உட்காருவார்கள். தாழ்ப்பாள் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது, காது வேலையில் இருக்க வேண்டும். மருந்து உராய்ந்தாலோ, ஈரம் பட்டுச் சூடேறினாலோ முதலில் ஒரு சடசடப்புக் கேட்கும். அதிர்ஷ்டம் இருந்தால்தான் அதுவும் கேட்கும். கேட்டால் எழுந்து அவரவர் வாசல் வழியாக ஓட வேண்டும். எங்கே என்று பார்க்கக் கூடாது. யாரையும் கூப்பிடக் கூடாது. பார்த்தவர்களும் கூப்பிட்டவர்களும் எங்கள் ஊரில் மாலை போட்ட படமாகச் சுவரில் இருக்கிறார்கள்.

இருபது வருஷத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்ததில் பழக்கம் உடம்போடு ஒட்டிவிட்டது. கல்யாண மண்டபத்தில் பந்தி எங்கே போட்டாலும் வாசல் ஓரத்து இலைதான் அவளுக்கு. பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கத்து சீட் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே வருவாள். வீட்டில் தாளிக்கும்போதுகூட ஒரு காலைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் கடுகைப் போடுவாள். "கடுகுக்குப் பயந்தவ கொழம்பு வைக்க முடியுமாக்கா?" என்று கேலி செய்வேன். "கொழம்பு போனாப் போகுது, ஆளு இருக்கணும்லா" என்பாள்.

நான் அதே தெருக்காரன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வெடிப்பெட்டி லேபிள் ஓட்டுகிறவன். புலி, கழுகு, மயில், மலைப்பாம்பு என்று நான் அறிந்த வனவிலங்கு எல்லாம் நாலு கலரில் லேபிளில் அறிந்ததுதான். கருவேல முள்ளைத் தவிரக் காடு என்று எதையும் நேரில் பார்த்ததில்லை.

வேலுத்தாயின் புருஷன் கோட்டைச்சாமி திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பங்குனிப் பொங்கலுக்கு வந்து போகிற விருந்தாளி. ஒரே மகள் செல்வலட்சுமி, எங்களுக்குச் செல்வி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கம்ப்யூட்டரில் டிசைன் போடவும் கற்றுக்கொண்டு, கையில் சர்டிபிகேட்டோடு வீட்டில் இருந்தாள். அந்த நேரம் பார்த்து வேலுத்தாயின் ரூமில் ஓர் இடம் காலியானது. போர்மேன் அருள்பாண்டி வீட்டுக்கே வந்துவிட்டார். "இந்த சீசனுக்கு மட்டும் அனுப்பு தாயி. ஆர்டர் தலைக்கு மேல நிக்குது" என்றார்.

'இந்த சீசனுக்கு மட்டும்' என்ற பேச்சை நம்பித்தான் எங்கள் ஊரில் பாதிப்பேர் மருந்து ரூமுக்குள் போனார்கள். வேலுத்தாயும் அப்படிப் போனவள்தான். தெரிந்திருந்தும் மகளை அனுப்பினாள். எனக்கு வந்த கோபத்தில் தெருவில் வைத்தே கேட்டேன்.

"தெரிஞ்சே புள்ளையக் கொண்டுபோயி அங்கன உக்கார வச்சிருக்கீகளே, நல்லாருக்கா?"

"கண்ணு காணாத எடத்துல இருந்தாத்தான் தம்பி பயம். எம் பக்கத்துல, கைக்கு எட்டுற தூரத்துல இருக்கா. ஒண்ணுன்னா மொதல்ல அவளத்தான இழுத்துக்கிட்டு வெளிய வருவேன்?"

பெற்றவள் சொல்கிறாள். அதற்கு மேல் நான் என்ன பேச?

தீபாவளி முடிந்தது, சீசனும் முடிந்தது. கம்பெனியை ஒரு மாதம் அடைத்துப்போட்டு, பிறகு பூஜை போட்டுத் திறப்பார்கள். பூஜை அன்று எந்த ரூமில் உட்காருகிறோமோ, அந்த வருஷம் முழுக்க அதுதான் இடம். அந்தக் கம்பெனியில் அது எழுதாத சட்டம். எங்கள் அச்சகத்தில் டிசைன் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டது, செல்விக்காகச் சொல்லி வைத்தேன். மருந்து ரூம் கூலியைவிடக் குறைவு என்றதும் செல்வி உதட்டைப் பிதுக்கினாள். "எம்மா இருக்கால்ல, நானும் இருந்துட்டுப் போறேன்" என்றாள். வேலுத்தாய் பூஜைக்குள் முடிவு பண்ணலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். பூஜை திங்கட்கிழமை. முந்தின நாள்தான் நாங்கள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் இருந்தோம்.

வருஷா வருஷம் அடைப்பு நாட்களில் கம்பெனி ஒரு டூர் அழைத்துப் போகும். அந்த வருஷம் வேளாங்கண்ணி, திரும்பும் வழியில் இந்தக் காடு. பஸ்ஸில் ஓர் இடம் காலி என்று நானும் ஒட்டிக்கொண்டேன். படகுத்துறையில் ஆளுக்கொரு ஆரஞ்சு மிதவைக் கோட்டு மாட்டிவிட்டார்கள். ஒரு படகுக்கு இரண்டு ரூம் பெண்கள், போர்மேன், நான். படகோட்டி மாரிக்கண்ணன் அந்த ஊர்க்காரர், கரிய மெலிந்த மனிதர். வேலுத்தாய் வழக்கம்போல ஓரம் பார்த்து உட்கார்ந்தாள், இடப்பக்கம். செல்வி எதிர்த்த ஓரத்தில் வலப்பக்கம். நடுவில் மாடத்தி, அவர்கள் ரூம்காரிதான். ரூமிலும் இப்படித்தானாம், தாய்க்கு வடக்கு வாசல், மகளுக்குத் தெற்கு வாசல்.

ஆறு கடலில் சேருகிற இடம் என்றார்கள். சேருகிற மாதிரியே தெரியவில்லை. ஆறு போய்க்கொண்டே இருந்தது, எங்கேயோ உப்பாக மாறியிருந்தது, இந்த இடம்தான் என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. இரண்டு கரையிலும் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே இறங்கி நின்றன. அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து வேர்கள் குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருந்தன. எங்கள் கூட்டத்துக்கு என்ன தோன்றும்? "ஏயப்பா, எம்புட்டு ராக்கெட் குச்சி!" என்றாள் மாடத்தி. அந்த வேர்கள் வழியாகத்தான் மரம் மூச்சு விடுகிறது என்று மாரிக்கண்ணன் சொன்னார். சேறு இறுக்கமாம், கீழே காற்றே கிடையாதாம்.

ஓர் இலையைப் பறித்து நக்கிப் பார்க்கச் சொன்னார். இலை மேல் உப்புப் பூத்திருந்தது. "சமைக்கத் தேவையில்ல, அப்படியே சோத்துல போட்டுக்கிடலாம்" என்று மாடத்தி இரண்டு இலையை முந்தியில் முடிந்துகொண்டாள். இன்னொரு மரத்தைத் தொடக் கூடாது என்றார், அதன் பெயர் தில்லை, பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்தாம். சேற்றில் மீன் நடந்தது. பொய்யில்லை, கண்ணைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, துடுப்பை ஊன்றி ஊன்றி ஒரு விரல் நீள மீன் கரையில் போனது. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருந்த சிவப்பு நண்டுகள் கூட்டமாக நின்று அதை ஆட்டிக்கொண்டிருந்தன. தூரத்தில் காயலில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய் ஒரு பட்டை கிடந்தது. சட்டென்று அந்தப் பட்டை முழுக்க எழுந்து பறந்தபோதுதான் பூநாரைகள் என்று தெரிந்தது. லேபிளில் அந்த நிறம் வரவே வராது, எவ்வளவு மை ஊற்றினாலும் வராது.

வேலுத்தாய் மட்டும் ரசித்த மாதிரி தெரியவில்லை. வாய்க்கால் குறுகக் குறுக அவள் முகம் சுருங்கியது. இரண்டு பக்கமும் மரம் வந்து மூடிக்கொண்டது. தலைக்கு மேல் கிளை.

"திரும்புறதுக்கு வேற வழி இருக்காண்ணே?" என்று கேட்டாள்.

"வந்த வழிதாங்கம்மா" என்றார் மாரிக்கண்ணன். "வத்தம் ஆரம்பிச்சிடுச்சு. தண்ணி எறங்குது பாருங்க, சேறு தெரியுது. இன்னும் கொஞ்ச நேரம்தான் இங்க நிக்க முடியும்."

அவர் இன்ஜினை நிறுத்தினார். சத்தம் போடாமல் இருந்தால் நீர்நாய் வரும் என்றார். எல்லாரும் கப்சிப். எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது, அச்சகத்தில் மெஷின் சத்தத்திலேயே கிடப்பவன் நான். ஆனால் மருந்து ரூம்காரிகளுக்கு அமைதி என்றால் காது தானாக விறைத்துக்கொள்ளும். அது எனக்கு அப்போது தெரியாது. நீர்நாய்களும் வந்தன. தாய், தகப்பன், குட்டிகள் என்று ஒரு குடும்பமே வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் படகின் அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சட். சட்சட். பிறகு விடாமல் சடசடசட என்று பொரிந்தது.

எனக்கு அது வெறும் சத்தம். என்னண்ணே அது என்று கேட்க வாயைத் திறந்தேன், படகில் ஆள் இல்லை.

இடப்பக்கம் இருந்தவர்கள் இடப்பக்கமும், வலப்பக்கம் இருந்தவர்கள் வலப்பக்கமுமாகக் குதித்திருந்தார்கள். கூச்சல் இல்லை, ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிடவில்லை. அருள்பாண்டியும் குதித்துவிட்டார், அவ்வளவு தொப்பையோடு. படகு தாறுமாறாக ஆடியது. மாரிக்கண்ணன் கம்பைப் பிடித்தபடி, "ஏங்க! ஏங்க!" என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தார். வாழ்நாளில் சுற்றுலாப் பயணிகள் படகைவிட்டு ஓடி அவர் பார்த்திருக்க மாட்டார்.

வேலுத்தாய் தொடை வரை சேற்றில் நின்றாள். மற்றவர்களும் அங்கங்கே முழங்காலளவு, தொடையளவு சிக்கி, வேரைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள். வெடிக்கவில்லையே என்பது மெல்ல மெல்ல அவர்களுக்கு உறைத்தது. செல்வி மட்டும் நிற்கவில்லை. இளவயசு, கால் வேகம். வழுவழுத்த சேற்றில் பாய்ந்து பாய்ந்து வெகுதூரம் போய்விட்டாள். பிடிக்க வேர்கூட இல்லாத வெறும் சேற்றில் போய் இடுப்பு வரை இறங்கினாள். ஒரு காலை இழுக்க மறுகால் இறங்கியது. மறுபடி இழுத்தாள். கோட்டின் அடிப்பட்டையைச் சேறு தொட்டது.

"ஆட்டாதம்மா! காலை ஆட்டாத!" என்று மாரிக்கண்ணன் கத்தினார். "குப்புறப் படு! கையை அகட்டிப் படு! படுத்தா சேறு தாங்கும்!"

செல்விக்கு எப்படிப் படுக்கத் தோன்றும்? சத்தம் இன்னும் நிற்கவில்லை. அவளைச் சுற்றிச் சேறு முழுக்கச் சடசடத்தது. சடசடக்கிற இடத்தில் படுத்தவர்கள் எழுந்ததில்லை என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. சொல்லிக் கொடுத்தவளும் அவள் அம்மாதான். அந்தப் பெண் வெறி பிடித்த மாதிரி ஓடப் பார்த்தாள், நின்ற இடத்திலேயே.

வேலுத்தாய் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு நன்றாகத் தெரியும். அதுவரை அவள் திரும்பவே இல்லை. மகள் எதிர்ப்பக்கத்தில், இடுப்பு வரை சேற்றில். அவள் முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன்.

படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். நான் அக்குளில் கை கொடுத்து இழுத்து உள்ளே போட்டேன். "அண்ணே, எப்படிப் போவணும் சொல்லுங்க" என்றாள். மாரிக்கண்ணன் உட்காருகிற பலகையைப் பெயர்த்துச் சேற்றில் எறிந்தார். கயிற்றின் ஒரு முனையை அவள் இடுப்பில் கட்டினார். கனமில்லாத ஆள், அவரே போயிருக்கலாம், ஆனால் படகைக் கம்பால் ஊன்றிப் பிடிக்க வேறு ஆள் இல்லை. நான் பிடித்தால் படகு போய்ச் சேரும் இடம் வேறு.

வேலுத்தாய் பலகையில் நெஞ்சை வைத்துப் படுத்தாள். வாசல் ஓரத்து இலையிலேயே சாப்பிட்டவள், கடுகுக்குக் காலைப் பின்வைத்தவள், அந்தச் சேற்றில் முகத்தைக் கிடத்திக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். காது சேற்றில் படும்போதெல்லாம் சத்தம் தலைக்குள்ளேயே வெடிக்கிற மாதிரி இருந்ததாம். ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடு என்று உடம்பு சொன்னதாம். இதெல்லாம் பிறகு அவள் சொன்னது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் தலையைத் தூக்காமல் போய்க்கொண்டே இருந்ததுதான்.

"செல்வி, படு தாயி."

"எம்மா, தீப் புடிச்சிரும்மா! புடிச்சிரும்! நீ போயிரு!"

"புடிக்காது. படு. இந்தா, நான் படுத்திருக்கேன் பாரு."

"சத்தம் கேக்குதும்மா..."

"கேக்கட்டும். ஓடாத. ஓடாத தாயி, ஓடாத."

வாழ்நாள் முழுக்க ஓடு ஓடு என்றே சொல்லி வளர்த்த வாய். செல்வி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை அகட்டி, அழுதுகொண்டே, சேற்றில் முகம் பட விழுந்தாள். தாயும் மகளும் முகத்துக்கு முகம் கிடந்தார்கள். சற்றுத் தள்ளி ஒரு கொக்கு அசையாமல் நின்று பார்த்தது. நடக்கிற மீன் ஒன்று செல்வியின் விரல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனது. மெல்ல மெல்ல அவள் கால் சேற்றிலிருந்து கழன்றது. மாரிக்கண்ணன் கயிற்றை இழுக்க, நானும் இழுக்க, இரண்டு பேரும் வழுக்கிக்கொண்டு படகுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மற்றவர்களையும் ஒவ்வொருவராக ஏற்றிய பிறகு மாரிக்கண்ணன் ஒரு கை சேற்றை அள்ளிப் பிசைந்து, எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுண்டு விரல் அளவு இறால். ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் தடியாக இருந்தது. அதை ஒரு சொடுக்குச் சொடுக்கியது. சட்!

"இதுதாங்க. தண்ணி வத்துனா இதுங்க இப்படித்தான் போடும். வேற ஒண்ணுமில்ல."

அப்புறம் மாடத்தி சிரித்தாள், அடக்க முடியாமல் எல்லாரும் சிரித்தார்கள். "ஒத்த எறாலு ரெண்டு ரூம காலி பண்ணிருச்சே!" என்றார் அருள்பாண்டி. ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு மறு செருப்பைக் கையில் பிடித்திருந்தார். "நீங்க குதிச்சதுலதான் அண்ணாச்சி கடலே ரெண்டடி ஏறிருச்சு" என்றாள் மாடத்தி. செல்விகூடச் சிரித்தாள். வேலுத்தாய் சிரிக்கவில்லை. கரை வருகிற வரை மகளின் மணிக்கட்டை விடவும் இல்லை.

படகுத்துறைக் குழாயில் மகளுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டாள். காது மடலுக்குள் விரலை விட்டுச் சேற்றை வழித்தெடுத்தாள். நான் என் சட்டையை அலசிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"செல்வி," என்றாள், "நான் அந்தப் பக்கம் குதிச்சிட்டேன்."

"சரி, அதுக்கென்ன?"

"ஒன்னய இழுக்கல. ஒன் நெனப்பே வரல."

"எனக்கும்தான் ஒன் நெனப்பு வரல. அப்படித்தானம்மா நீ சொல்லிக் குடுத்த?"

"நீ ஓடுனது சரி தாயி. பக்கத்துல இருந்தா காப்பாத்திருவேன்னுதான ஒன்னயக் கூட்டிட்டுப் போனேன். ஒரு சீசன் பூரா அத நம்பித்தான நிம்மதியா உக்காந்திருந்தேன்." கையிலிருந்த சேற்றை உதறினாள். "நான் காப்பாத்த மாட்டேன்டி. இன்னிக்குத் தெரிஞ்சு போச்சு. நான் குதிச்சிருவேன்."

செல்வி குழாயை மூடினாள். நான் பிழிந்த சட்டையையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தேன்.

பஸ் கிளம்புகிற நேரம் அருள்பாண்டி படிக்கட்டில் நின்று தலையை எண்ணினார். "நாளைக்குப் பூஜை. அம்மாவும் மகளும் வெள்ளனா கெளம்பி நில்லுங்க, வேன் சீக்கிரம் வரும்."

"ஒருத்திதான் வருவா அண்ணாச்சி" என்றாள் வேலுத்தாய்.

"என்னது?"

"செல்வி இந்தத் தம்பி வேலை பாக்குற பிரஸ்ஸுக்குப் போறா, டிசைன் போட."

அருள்பாண்டி என்னை முறைத்தார். "திடுதிப்புன்னு சொன்னா நான் ஆளுக்கு எங்கன போக? ஒத்த எறாலுக்குப் பயந்துக்கிட்டா?"

"ஆமா" என்றாள்.

செல்வி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்ப நீயும் போவாத. ரெண்டு பேரும் நின்னுருவோம்."

"எம் வயசுல எவன் எனக்குப் புது வேலை குடுப்பான்? இந்தக் கையப் பாத்தாலே கேட்டோட திருப்பி அனுப்பிருவான். நான் போறேன். நீ போவக் கூடாது." அதற்கப்புறம் சிவகாசி வருகிற வரை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

மறுநாள் காலையில் செல்வி என்னோடு அச்சகத்துக்கு வந்தாள். அழுத கண். முதல் நாளே நான்கு லேபிள் திருத்திக் கொடுத்தாள், முதலாளிக்குத் திருப்தி. சாயங்காலம் தெருமுனையில் வேனிலிருந்து வேலுத்தாய் இறங்கினாள். நெற்றியில் பூஜைச் சந்தனம், கையில் பொரிப் பொட்டலம். மகள் எப்படி என்று என்னிடம் கேட்டாள், சொன்னேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஒங்க ரூம்ல அந்த எடம் காலியாத்தான் கெடக்காக்கா?" என்று கேட்டேன்.

"அது எங்க கெடக்கும்? அருள்பாண்டி அண்ணாச்சி காலையிலயே புதுப்பட்டியிலருந்து ஒரு புள்ளையக் கொண்டாந்து உக்கார வச்சிட்டாக. செல்வி வயசுதான் இருக்கும்."

"யாரு மக?"

"கேக்கல தம்பி" என்றாள். "கேட்டுட்டா ஓட முடியாதுல்லா."